சிக்னல் பிராசசிங்கிற்கு எந்தத் தரவோட்ட மாதிரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவோட்ட மாதிரி என்றால் சுருக்கமாக என்ன?

நிரலைத் தனித்தனிக் கணுக்களாகப் பிரித்து, கணுக்களுக்கிடையே வரிசை முறையிலான பஃபர்களை மட்டும் வைப்பது. கணுவைப் பொறியாளர்கள் ஆக்டர் என்றும், பஃபரில் ஓடும் ஒவ்வொரு தரவையும் டோக்கன் என்றும் சொல்கிறார்கள். டோக்கன் ஒரு சாம்பிளாக இருக்கலாம், 1024 சாம்பிள் கொண்ட ஒரு கட்டாகவும் இருக்கலாம். உள்ளீட்டில் தேவையான அளவு டோக்கன் சேர்ந்ததும் ஆக்டர் ஒருமுறை இயங்கும். எடுத்ததற்கு ஈடாகச் சில டோக்கன்களை வெளியே தள்ளும். பொதுவான மாறிகள் கிடையாது. யார் யாரை அழைப்பது என்ற வரிசையும் நிரலில் எழுதப்படுவதில்லை. அதைக் கண்டுபிடிப்பது ஷெட்யூலரின் வேலை.

ஒரு ஆக்டர் எத்தனை டோக்கன் எடுக்கும், எத்தனை கொடுக்கும் என்பதை எவ்வளவு முன்னதாகச் சொல்ல முடிகிறது என்பதில்தான் ஒரு மாதிரி இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது.

முக்கியமான மாதிரிகளை ஒரே மூச்சில் ஒப்பிட முடியுமா?

எஸ்டிஎஃப் (SDF, ஒத்திசைத் தரவோட்டம்): எடுக்கும் எண்ணும் கொடுக்கும் எண்ணும் மாறவே மாறாது. பெர்க்லியில் எட்வர்ட் லீயும் டேவிட் மெசர்ஷ்மிட்டும் 1987-இல் முன்வைத்தது. இதற்கு முன்னோடியாக ரிச்சர்ட் கார்ப், ரேமண்ட் மில்லர் இருவரின் 1966-ஆம் ஆண்டுக் கணக்கீட்டு வரைபடங்கள் உண்டு. ஷெட்யூல், பஃபர் அளவு, டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லாரும் நின்றுவிடுவது) உண்டா இல்லையா, எல்லாம் கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும்.

சிஎஸ்டிஎஃப் (CSDF, சுழல்முறை எஸ்டிஎஃப்): எண்கள் மாறலாம், ஆனால் ஒரு சுழற்சியில் மட்டும். உதாரணமாக 1, 0, 0, 0 என்று. பெல்ஜியத்தின் லூவெனில் உருவானது. முழுமையான கட்டுரை 1996-இல் வந்தது. எஸ்டிஎஃப்பில் கணிக்க முடிவதெல்லாம் இதிலும் கணிக்கலாம்.

பிடிஎஃப் (BDF, பூலியன் தரவோட்டம்): ஆம்/இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு பூலியன் டோக்கன் சொல்லும் வழியில் தரவு பிரியும், சேரும். ஜோசப் பக் 1993-இல் தம் ஆய்வேட்டில் விரித்தெழுதியது. இது எந்தக் கணக்கீட்டையும் செய்யக்கூடிய கோட்பாட்டுக் கணினியான டியூரிங் எந்திரத்துக்கு நிகரான வலிமை கொண்டது. அதனால், வரையறுத்த நினைவகத்தில் எப்போதும் ஓடுமா என்ற கேள்விக்கு எல்லா வரைபடத்துக்கும் பொருந்தும் விடை சொல்லும் அல்காரிதமே இருக்க முடியாது.

கேபிஎன் (KPN, கான் செயல்முறை வலையமைப்பு): ஜில் கான் 1974-இல் கொடுத்தது. ஒவ்வொரு கணுவும் தனி நிரலாக ஓடும். ஒரே நிபந்தனை: உள்ளீடு காலியாக இருந்தால் காத்திருக்க வேண்டும், எட்டிப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. முடிவு எப்போதும் ஒன்றேதான் வரும். நினைவகம் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

பட்டியலில் கீழே போகப் போக எழுதும் சுதந்திரம் கூடும், முன்கூட்டியே நிரூபிக்க முடிவது குறையும். நடைமுறையில் ஒரு முழு சிஸ்டத்துக்கும் ஒரே மாதிரியைத் தேடுவதுதான் பெரும்பாலும் தவறான தொடக்கம். மாறும் பகுதி பொதுவாக ஓரத்தில் ஒன்றிரண்டு ஆக்டர்களில்தான் இருக்கும். நடுவில் உள்ள கனமான கணக்கு அனேகமாக எஸ்டிஎஃப் ஆகவே இருக்கும்.

எஸ்டிஎஃப்பில் சமநிலைக் கணக்கு எப்படிப் போடுவது?

சிடியின் 44,100 ஹெர்ட்ஸ் ஒலியை 48,000 ஹெர்ட்ஸாக மாற்றும் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். விகிதம் 160/147. ஒரே அடியில் 160-ஆல் பெருக்கி 147-ஆல் குறைப்பதற்குப் பதில் படிப்படியாகச் செய்வது வழக்கம். ஆறு ஆக்டர்கள்: அ (மூலம்), ஆ, இ, ஈ, உ (வீதம் மாற்றும் ஃபில்டர்கள்), ஊ (வெளியீடு). இணைப்புகளில் கொடுக்கும் எண், எடுக்கும் எண்:

அ → ஆ: 1, 1
ஆ → இ: 2, 3
இ → ஈ: 2, 7
ஈ → உ: 8, 7
உ → ஊ: 5, 1

சரிபார்க்க: மேலே 2 × 2 × 8 × 5 = 160, கீழே 3 × 7 × 7 = 147.

ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சமன்பாடு: கொடுப்பவர் இயங்கும் தடவை × கொடுக்கும் எண் = எடுப்பவர் இயங்கும் தடவை × எடுக்கும் எண். பூஜ்யமல்லாத மிகச் சிறிய முழு எண் விடை: அ 147, ஆ 147, இ 98, ஈ 28, உ 32, ஊ 160. மொத்தம் 612 இயக்கங்கள். இதை ஒரு சுற்று என்போம். சுற்று முடிந்ததும் எல்லா பஃபரும் தொடங்கியபோது இருந்த நிலைக்கே திரும்பும். அதனால் அதையே காலமெல்லாம் திருப்பி ஓட்டலாம். நேரத்தில் பார்த்தால் 147 ÷ 44,100 நொடி, அதாவது 3.33 மில்லிநொடி. 160 ÷ 48,000 போட்டாலும் அதேதான்.

கையால் போடும்போது, ஏதாவது ஒரு ஆக்டருக்கு 1 என்று வைத்து, இணைப்பு வழியே பின்னங்களாகப் பரப்பி, கடைசியில் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கால் பெருக்கினால் போதும். மிதவைப் புள்ளி எண்ணில் இதைச் செய்யாதீர்கள். 147-இன் பின்னங்கள் உருண்டு, ஒத்துப்போகும் வரைபடத்தையும் ஒத்துப்போகாதது என்று காட்டிவிடும்.

சுற்று தெரிந்துவிட்டது. எந்த வரிசையில் ஓட்டுவது? அதனால் என்ன வேறுபாடு வரும்?

நிறைய வேறுபாடு வரும். இதே சங்கிலிக்கு மூன்று வழிகள்:

நேரான வழி: (147அ)(147ஆ)(98இ)(28ஈ)(32உ)(160ஊ). 147அ என்றால் அ-வை 147 முறை இயக்குவது. நிரலில் ஒவ்வொரு ஆக்டரும் ஒரே இடத்தில் வருகிறது, ஆறு லூப்கள். பஃபர்கள் 147 + 294 + 196 + 224 + 160 = 1021 டோக்கன்.

உள்ளடுக்கு லூப்: (7 (7 (3 அ ஆ)(2 இ)) (4 ஈ)) (32 உ (5 ஊ)). இதிலும் ஒவ்வொரு ஆக்டரும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. பஃபர் 1 + 6 + 28 + 224 + 5 = 264. ஒவ்வொரு ஆக்டரும் ஒரே இடத்தில் வர வேண்டும் என்ற நிபந்தனைக்குள் இந்தச் சங்கிலிக்கு இதைவிடக் குறைக்க முடியாது.

தேவைக்கேற்ற வழி: வெளியீட்டுக்கு அருகிலுள்ள ஆக்டர் இயங்க முடிந்தால் அதையே முதலில் இயக்குவது. ஓர் இணைப்பில் கொடுப்பது, எடுப்பது இரண்டையும் கூட்டி, அவற்றின் மீப்பெரு பொது வகுத்தியைக் கழித்தால் கிடைப்பதுதான் அதற்குத் தேவையான குறைந்தபட்ச இடம். இங்கே 1 + 4 + 8 + 14 + 5 = 32 டோக்கன். சங்கிலி வடிவ வரைபடத்தில் இந்த எல்லையை எல்லா இணைப்பிலும் ஒரே நேரத்தில் எட்ட முடியும். ஆனால் வரிசை ஒழுங்கற்று இருக்கும், லூப்பாகச் சுருங்காது. 612 அழைப்புகளையும் வரிசையாக எழுத வேண்டும், அல்லது ஓடும்போதே எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: 1021-இலிருந்து 264-க்குக் குறைத்ததால் தாமதம் குறையவில்லை. இரண்டிலுமே 147 உள்ளீடுகளும் வந்த பிறகுதான் உ முதல்முறை இயங்கும், 3.33 மில்லிநொடி போய்விடும். மூன்றாம் வழியில் உ இயங்க ஈ ஒருமுறை, அதற்கு இ நான்கு முறை, அதற்கு ஆ ஆறு முறை இயங்கினால் போதும். 6 சாம்பிளில், அதாவது சுமார் 136 மைக்ரோநொடியில் முதல் வெளியீடு வந்துவிடும் (ஃபில்டர்களின் சொந்தத் தாமதம் தனி).

எதைத் தேர்ந்தெடுப்பது? 4 பைட் மிதவை எண்ணில் 1021 டோக்கன் என்பது 4 கேபி. கணினியில் ஓடுகிறது என்றால் நேரான வழியையே வையுங்கள். முதல் நிலை கேஷில் எளிதாக அடங்கும், ஒவ்வொரு லூப்பும் ஒரே நிரல் துண்டை நீண்ட நேரம் ஓட்டுவதால் வெக்டர் கட்டளைகளும் நன்றாகப் பயன்படும். சில கேபி மட்டுமே உள்ள சிறிய டிஎஸ்பி (சிக்னல் கணக்குக்கான சிப்) என்றால் உள்ளடுக்கு லூப். மேடை ஒலி, காதுக்கருவி போலத் தாமதம் உறுத்தும் இடம் என்றால் மூன்றாவது.

வீதங்கள் ஒத்துப்போகவில்லை என்று கருவி சொல்கிறது. என்ன பொருள்?

சமநிலைச் சமன்பாடுகளுக்குப் பூஜ்யம் தவிர வேறு விடை இல்லை என்று பொருள். மைக் சிக்னல் இரண்டு பாதையாகப் பிரிகிறது. ஒன்றில் 4-ஆல் குறைக்கிறீர்கள், மற்றொன்றில் 2-ஆல். பிறகு இரண்டையும் கூட்டுகிறீர்கள். 48,000 ஹெர்ட்ஸில் ஒரு பக்கம் நொடிக்கு 12,000, மறுபக்கம் 24,000 டோக்கன் வரும். மிச்சம் 12,000 கூட்டியின் வாசலில் தேங்கும். 4 பைட் என்றால் நொடிக்கு 48,000 பைட். 64 எம்பி காலியிடம் சுமார் 23 நிமிடத்தில் நிரம்பும். அதனால்தான் இந்தப் பிழை மேசையில் சோதிக்கும்போது தெரியாமல், களத்தில் போய்த் தெரிகிறது.

பஃபருக்கு உச்சவரம்பு உள்ள சூழலில் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். மிச்சப் பக்கம் நிரம்பி, அது மூலத்தைத் தடுத்து, மறுபக்கம் பட்டினி கிடந்து, எல்லாம் சத்தமில்லாமல் நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இப்படி நின்றால் ஷெட்யூலரைக் குறை சொல்வதற்கு முன் சமநிலைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வீதங்கள் சரி, ஆனாலும் டெட்லாக் ஆகிறது. ஏன்?

எங்கோ ஒரு பின்னூட்ட வளையத்தில் தொடக்க டோக்கன்கள் (ஓடத் தொடங்கும் முன்பே பஃபரில் வைத்திருப்பவை) போதவில்லை. சோதிக்கும் முறை எளிது: ஒவ்வொரு ஆக்டருக்கும் சுற்றில் அதன் எண்ணிக்கையைக் கொடுங்கள். உள்ளீடு போதுமானதாக உள்ள, எண்ணிக்கை மிச்சமுள்ள ஏதாவது ஒரு ஆக்டரை இயக்கிக்கொண்டே போங்கள். எல்லாரும் எண்ணிக்கையை முடித்தால் இனி எப்போதும் டெட்லாக் வராது. நடுவில் நின்றால், வேறு எந்த வரிசையில் முயன்றாலும் நிற்கத்தான் செய்யும். தேர்ந்தெடுத்த வரிசையில் குறை இல்லை.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் கட்டுமுறைச் செயலாக்கம். தன் பழைய வெளியீட்டையே திருப்பி எடுக்கும் ஐஐஆர் ஃபில்டரிலும், பிழையைப் பார்த்துத் தன் குணகங்களைத் திருத்திக்கொள்ளும் எல்எம்எஸ் தகவமைப்பு ஃபில்டரிலும் வளையத்தில் ஒரே ஒரு டிலே, அதாவது ஒரே ஒரு தொடக்க டோக்கன் இருக்கும். வேகத்துக்காக எல்லா ஆக்டரையும் 64 சாம்பிள் கட்டாக மாற்றினால் வளையம் 64 டோக்கன் கேட்கும். கையில் இருப்பது 1. உடனே நின்றுவிடும். டிலேயை 64 ஆக்கினால் ஓடும், ஆனால் அது நீங்கள் வடிவமைத்த ஃபில்டர் அல்ல. ஃபில்டரின் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கும் துருவங்கள் இடம் மாறிவிடும், சில சமயம் நிலைத்தன்மையே போய்விடும். சரியான வழி, வளையம் முழுவதையும் ஒரே ஆக்டருக்குள் அடைப்பது. உள்ளே சாம்பிள் சாம்பிளாக ஓடட்டும். வெளியே 64 எடுத்து 64 கொடுக்கட்டும்.

ஒன்றாக அடைக்கும்போதும் கவனம் வேண்டும். க-விலிருந்து கா-வுக்கும், கா-விலிருந்து கி-க்கும், க-விலிருந்து நேரே கி-க்கும் இணைப்பு இருக்கிறது என்று வையுங்கள். க, கி இரண்டையும் மட்டும் ஒரே ஆக்டராக்கினால், இல்லாத வளையம் ஒன்று புதிதாக முளைக்கும்.

சிஎஸ்டிஎஃப் எப்போது உண்மையில் தேவை?

ஒரு ஆக்டர் உள்ளுக்குள் கட்டம் கட்டமாக இயங்கும்போது, அதை எஸ்டிஎஃப்பாகச் சுருக்கினால் இரண்டு நஷ்டம். 4-ஆல் குறைக்கும் ஃபில்டரை எஸ்டிஎஃப்பில் எழுதினால் 4 எடுத்து 1 கொடுக்கும்; நான்கும் சேரும்வரை காத்திருக்கும். சிஎஸ்டிஎஃப்பில் 1, 1, 1, 1 எடுத்து 1, 0, 0, 0 கொடுக்கும். முதல் சாம்பிளிலேயே வெளியீடு வந்துவிடும். முதல் நஷ்டம் பஃபர் இடமும் தாமதமும். இரண்டாவது பெரியது: இந்த ஃபில்டர் ஒரு வளையத்துக்குள் இருந்தால், எஸ்டிஎஃப்பாகப் பார்க்கும்போது டெட்லாக் ஆகும் வரைபடம் சிஎஸ்டிஎஃப்பில் நன்றாகவே ஓடலாம்.

சமநிலைக் கணக்கில் ஒரு கட்டத்தின் எண்ணுக்குப் பதில் முழுச் சுழற்சியின் கூட்டுத்தொகையைப் போடுங்கள். கிடைத்த விடையை அந்த ஆக்டரின் கட்ட எண்ணிக்கையால் பெருக்குங்கள். கடைசிப் பெருக்கலை மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. வளையமும் இல்லை, தாமதமும் பிரச்சினை இல்லை என்றால் சிஎஸ்டிஎஃப் பக்கம் போகத் தேவையில்லை.

நிரலில் ஒரு 'இஃப்' வந்துவிட்டது. பிடிஎஃப்புக்கு மாற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் கேட்க வேண்டியது: அந்த 'இஃப்' டோக்கன் எண்ணிக்கையை மாற்றுகிறதா, கணக்கை மட்டும் மாற்றுகிறதா?

எம்பி3 டிகோடர் நல்ல உதாரணம். எம்பி3-இன் முதல் வகையான எம்பெக்-1 லேயர் 3-இல் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு சேனலில் 1152 சாம்பிள். 576 வீதம் இரண்டு பாதிகள். ஒவ்வொன்றும் 32 துணைப்பட்டைகள், பட்டைக்கு 18 மதிப்புகள். நீள ஜன்னல் என்றால் 18 மதிப்பும் ஒரே உருமாற்றம். குறு ஜன்னல் என்றால் ஆறாறாக மூன்று. எப்படியானாலும் 18 உள்ளே, 18 வெளியே. இந்த 'இஃப்' ஆக்டருக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே இருந்து பார்த்தால் எஸ்டிஎஃப்தான். செயல் நேரம் மட்டும் மாறும். கணக்கில் மோசமான நேரத்தைப் போடுங்கள்.

உண்மையிலேயே எண்ணிக்கை மாறும் இடம், நீளம் மாறும் குறியீடுகளைப் பிரித்தெடுக்கும் ஹஃப்மன் டிகோடர். ஒவ்வொரு ஃப்ரேமும் வேறு வேறு அளவு பிட் தின்னும். முந்தைய ஃப்ரேம்களில் மிஞ்சிய இடத்தையும் பயன்படுத்திக்கொள்ளும். அந்த ஒரு ஆக்டரை மட்டும் மாறும் வகையாக விட்டு, அதன் வெளியீட்டை 576 மதிப்பு கொண்ட ஒரே டோக்கனாக வரையறுங்கள். அதற்குப் பிறகு வெளியீடு வரை முழுவதும் எஸ்டிஎஃப்.

இரண்டு கிளையும் மலிவானவை என்றால் இரண்டையும் ஓட்டி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் வழி. எண்ணிக்கை மாறாது, வீணாகும் கணக்குக்கு விலை கொடுக்கிறீர்கள். பிடிஎஃப் தேவைப்படுவது கிளைகள் கனமாக இருந்து, எது ஓடும் என்பதைத் தரவே முடிவு செய்யும்போது. பிரிக்கும் ஆக்டருக்கும் சேர்க்கும் ஆக்டருக்கும் ஒரே பூலியன் ஓட்டத்தையே கொடுங்கள். வேறு வேறு ஓட்டம் கொடுத்தால், இரண்டிலும் 'ஆம்' விகிதம் சராசரியில் ஒன்றாக இருந்தாலும் பஃபர் எல்லையில்லாமல் வளர வாய்ப்புண்டு.

பாதியில் வீதம் மாறுகிறது, ஆனால் எப்போதாவதுதான். அதற்கு?

அளவுருவை ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் மட்டும் மாற்ற அனுமதிக்கும் மாதிரிகள் இருக்கின்றன. மேரிலாந்தில் 2001-இல் வந்த பிஎஸ்டிஎஃப் (PSDF, அளவுரு கொண்ட எஸ்டிஎஃப்) ஒன்று. 2006-இல் ஐண்ட்ஹோவனில் இருந்து வந்த எஸ்ஏடிஎஃப் (SADF, நிலைமை அறிந்த தரவோட்டம்) இன்னொன்று. இது ஒவ்வொரு நிலைமைக்கும் தனி எஸ்டிஎஃப் வரைபடம் வைத்து, நிலைமை மாற்றங்களைத் தனியே விவரிக்கிறது. கருவி இல்லாமலே இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம்: மாற்றக் கோரிக்கையைக் குறித்து வைத்து, சுற்று முடிந்து பஃபர்கள் தொடக்க நிலைக்கு வந்ததும் செயல்படுத்துங்கள். சுற்றின் நடுவில் மாற்றினால் பழைய வீதத்தின் மிச்ச டோக்கன்கள் உள்ளே தங்கிவிடும். அதன் பிறகு இரண்டு பாதைகள் நிரந்தரமாக ஒன்றுக்கொன்று தள்ளி ஓடும்.

கேபிஎன் எந்த வரிசையில் ஓட்டினாலும் ஒரே முடிவு என்கிறார்கள். என் நிரலில் முடிவு மாறுகிறதே?

விதி எங்கோ மீறப்பட்டிருக்கிறது. தேட வேண்டிய இடங்கள்: உள்ளீடு காலியா என்று பார்த்துவிட்டு வேறு பாதையில் போகும் நிரல், குறித்த நேரம் மட்டும் காத்திருக்கும் வாசிப்பு, எது முதலில் வந்ததோ அதை எடுக்கும் இணைப்பி, இரண்டு கணுக்கள் தொடும் பொது மாறி, ஒரே பஃபரில் எழுதும் இரண்டு பேர். ஏதாவது ஒன்று இருந்தாலும் முடிவு திரெட்களின் வேகத்தைப் பொறுத்ததாகிவிடும்.

பயனர் பொத்தான், நெட்வொர்க் செய்தி போன்றவற்றுக்கு இப்படி ஓர் இணைப்பி தேவைப்படத்தான் செய்யும். அதை ஒரே இடத்தில் வைத்து, வந்த வரிசையைப் பதிவு செய்யுங்கள். பிழை தேடும்போது அந்தப் பதிவைத் திருப்பி ஓட்டினால் மற்றதெல்லாம் அப்படியே மறுபடி நிகழும்.

கேபிஎன்னில் பஃபர் அளவை எப்படி முடிவு செய்வது?

தாமஸ் பார்க்ஸ் 1995-இல் கொடுத்த முறை இன்றும் அடிப்படை. சிறிய வரம்புடன் தொடங்குங்கள். நிரம்பினால் எழுதுபவர் காத்திருக்கட்டும். எல்லாரும் நின்றுவிட்டு, அவர்களில் ஒருவராவது எழுத முடியாமல் நிற்கிறார் என்றால் அது செயற்கை டெட்லாக். நிரம்பியவற்றில் மிகச் சிறிய பஃபரைப் பெரிதாக்கித் தொடருங்கள். எல்லாருமே படிக்க முடியாமல் நின்றால் அது உண்மையானது, பெரிதாக்கிப் பயனில்லை.

இதில் ஓர் ஓட்டை உண்டு. வரைபடத்தின் ஒரு மூலை மட்டும் சிக்கி, மற்றவை ஓடிக்கொண்டே இருந்தால் 'எல்லாரும் நின்றார்கள்' என்ற நிலை வராது. சிக்கிய மூலை எப்போதும் விடுபடாது. கைலனும் பாஸ்டனும் 2003-இல் இதைச் சுட்டிக்காட்டி, ஒருவருக்கொருவர் காத்திருக்கும் வளையம் உருவானதுமே செயல்பட வேண்டும் என்றார்கள். சொந்தமாக ரன்டைம் எழுதுபவர்கள் அந்தக் கண்டறிதலையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ரேடியோவை மென்பொருளில் கட்ட உதவும் குனூ ரேடியோ இவற்றில் எது?

எதுவும் முழுமையாக இல்லை. வீதம் மாறாத பிளாக் (அங்கே ஆக்டருக்குப் பெயர் பிளாக்), குறைக்கும் பிளாக், பெருக்கும் பிளாக் ஆகியவை எஸ்டிஎஃப் போல எழுதப்படுகின்றன. பொது பிளாக்கில் எவ்வளவு தின்றோம் என்பதை ஓடும்போது சொல்லலாம். அது மாறும் வகை. ஷெட்யூலர் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு திரெட் கொடுத்து, வரம்புள்ள பஃபருடன் ஓட்டுகிறது. சமநிலைக் கணக்கை அது போடுவதில்லை. போடுவது உங்கள் பொறுப்பு. ஓட்டப் பாதையில் வளையத்தை அனுமதிப்பதும் இல்லை. பின்னூட்டம் வேண்டுமானால் பிளாக்குக்குள் அடைக்க வேண்டும், அல்லது செய்தி வழியாக அனுப்ப வேண்டும். செய்தி எந்தச் சாம்பிளில் போய்ச் சேரும் என்பது உறுதியில்லை; உள்ளீட்டு அலையின் கட்டத்தைத் தொடர்ந்து பிடிக்கும் பிஎல்எல் போன்ற வளையங்களை அப்படிக் கட்டாதீர்கள்.

லஸ்ட்ர், ஸ்கேட் போன்ற மொழிகளும் இதே குடும்பமா?

ஒன்றுவிட்ட உறவு. அங்கே எல்லாம் ஒரு பொதுக் கடிகாரத் துடிப்பில் நடக்கும். மெதுவான ஓட்டம் என்பது சில துடிப்புகளில் மதிப்பில்லாத ஓட்டம். கட்டுப்பாட்டு நிரலுக்கு மிகப் பொருத்தம். 160/147 போன்ற விகிதங்களுக்கு அது இழுபறிதான்.

எஃப்பிஜிஏவில் (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) சிமுலேஷன் ஓடுகிறது, போர்டில் தொங்குகிறது. தரவோட்டத்தோடு தொடர்பு உண்டா?

மிகவும் உண்டு. பிரிந்து மீண்டும் சேரும் பாதைகளைப் பாருங்கள். ஒரு பாதையில் 1024 புள்ளி எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் உருமாற்றம்). அது 1024 சாம்பிள் சேரும்வரை எதுவும் தராது. மறுபாதை நேரே சேர்ப்பிக்குப் போகிறது. சி நிரலைச் சிப் சுற்றாக மாற்றும் விட்டிஸ் ஹெச்எல்எஸ்ஸில் ஸ்ட்ரீமின் (அங்கே பஃபருக்குப் பெயர்) இயல்பான ஆழம் 2. நேர்ப்பாதை இரண்டு சாம்பிளில் நிரம்பும், பிரிப்பி நிற்கும், எஃப்எஃப்டிக்கு மீதி 1022 வரவே வராது. சி சிமுலேஷனில் ஸ்ட்ரீமுக்கு வரம்பு இல்லாததால் அங்கே இது தெரியாது. உருவான சுற்றையே ஓட்டிப் பார்க்கும் ஆர்டிஎல் இணைச் சிமுலேஷனில்தான் தெரியும். நேர்ப்பாதையின் ஆழத்தைக் குறைந்தது 1024 ஆக்கி, முழு வேகம் வேண்டுமானால் எஃப்எஃப்டியின் பைப்லைன் தாமதத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு உத்தி: வரம்புள்ள ஒவ்வொரு பஃபருக்கும் எதிர்த்திசையில் ஓர் இணைப்பு வரைந்து, அதில் காலியிடங்களின் எண்ணிக்கை அளவுக்குத் தொடக்க டோக்கன் வையுங்கள். இப்போது பஃபர் வரம்பும் சாதாரண வளையமாகிவிட்டது. மேலே சொன்ன டெட்லாக் சோதனை அப்படியே பிடித்துவிடும்.

அதிகபட்ச வேகத்தை எப்படிக் கணிப்பது?

ஒவ்வொரு வளையத்திலும் செயல் நேரங்களைக் கூட்டி, அதிலுள்ள டோக்கன்களால் வகுங்கள். கிடைப்பதில் பெரியதுதான் ஒரு சுற்றுக்கான குறைந்தபட்ச நேரம். எத்தனை கோர் போட்டாலும் இதற்குக் கீழே போகாது. (எல்லா எண்ணும் 1 ஆன வரைபடத்துக்கு இந்தச் சூத்திரம் நேரடியாகப் பொருந்தும். மற்றவற்றை முதலில், ஒவ்வொரு இயக்கமும் தனிக் கணுவாகும்படி விரிக்க வேண்டும். மேலே சொன்ன சங்கிலி 612 கணுக்களாக விரியும்.) ஓர் ஆக்டர் தன்னோடு தானே இணையாக ஓடக் கூடாது என்றால், அதற்கு ஒரு டோக்கனுடன் தன்வளையம் (தன்னிலிருந்து தனக்கே ஓர் இணைப்பு) போட மறக்காதீர்கள். மறந்தால் கருவி நம்ப முடியாத வேகத்தைக் காட்டும்.

ஓர் எல்எம்எஸ் வளையத்தில் ஃபில்டர் 3, பிழைக் கணக்கு 1, குணகத் திருத்தம் 4 மைக்ரோநொடி என்று வைப்போம். டோக்கன் ஒன்று என்றால் சாம்பிளுக்கு 8 மைக்ரோநொடி, நொடிக்கு 1,25,000 சாம்பிள். இரண்டு என்றால் 4 மைக்ரோநொடி, 2,50,000. மூன்று என்றால் 2.67 வருகிறது, ஆனால் திருத்த ஆக்டரின் தன்வளையம் 4-இலேயே பிடித்து நிறுத்தும், மூன்றாவதால் லாபமில்லை. இரண்டாவது டோக்கனும் இலவசம் இல்லை. அது தாமதித்த எல்எம்எஸ். ஒவ்வொரு முறையும் குணகத்தைத் திருத்தும் படி அளவைக் குறைக்காவிட்டால் விரிந்து வெடிக்கலாம்.

கணக்கெல்லாம் சரி, ஆனாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று சத்தம் வருகிறது. ஏன்?

இந்த மாதிரிகளில் கடிகாரம் இல்லை, விகிதம் மட்டுமே உண்டு. 160/147 என்பது எஸ்டிஎஃப்பில் துல்லியம்; ஆனால் உள்ளீட்டுக் கருவியும் வெளியீட்டுக் கருவியும் வேறு வேறு கடிகாரக் கிரிஸ்டலில் ஓடினால் உண்மை விகிதம் அதுவல்ல. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால் 48,000 ஹெர்ட்ஸில் நொடிக்கு 2.4 சாம்பிள் நகரும். பாதி நிரம்பிய 1024 பஃபரில் 512 சாம்பிள் இடம். 213 நொடியில் வழியும் அல்லது வறளும். பஃபரைப் பெரிதாக்கினால் சத்தம் தள்ளிப்போகும், நிற்காது.

முடிந்தால் ஒரு கருவியின் கடிகாரத்தை மற்றதற்கும் கொடுங்கள். முடியாவிட்டால் எல்லையில் ஒத்திசைவற்ற வீத மாற்றி ஒன்றை வைத்து, பஃபர் நிரம்பியிருக்கும் அளவைப் பார்த்து விகிதத்தை மெதுவாகத் திருத்துங்கள். அது எஸ்டிஎஃப்புக்கு வெளியே நிற்கும் ஆக்டர். உள்ளே இருக்கும் வரைபடத்தைத் தொட வேண்டியதில்லை.

எழுதிய வரைபடம் சொன்ன மாதிரிக்கு உண்மையாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே உள்ளீட்டுக் கோப்பை மூன்று விதமாக ஓட்டுங்கள்: நேரான வரிசையில், தேவைக்கேற்ற வரிசையில், இயங்கத் தயாரான ஆக்டர்களில் ஏதோ ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுக்கும் வரிசையில். வெளியீடுகள் பிட் பிட்டாக ஒன்றாக இருக்க வேண்டும். மிதவை எண்ணாக இருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் ஒவ்வொரு ஆக்டருக்குள்ளும் கூட்டல் வரிசை மாறவில்லை. கடைசி பிட்டில் மட்டும் வேறுபாடு வந்தால், கட்டின் நீளத்தைப் பொறுத்துக் கூட்டலைப் பிரிக்கும் வெக்டர் நிரல் எங்காவது இருக்கிறதா பாருங்கள். பெரிய வேறுபாடு வந்தால், ஏதோ ஒரு ஆக்டர் குளோபல் மாறியையோ நேரத்தையோ படிக்கிறது. சோதனை நிரலில் ஒவ்வொரு இயக்கத்தின் முன்னும் பின்னும் பஃபர் நீளத்தை எண்ணி, அறிவித்த எண்ணோடு ஒப்பிடும் ஒரு வரியையும் சேருங்கள். 7 கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுக் கோப்பின் கடைசியில் மட்டும் 5 கொடுக்கும் ஆக்டர்கள் அதில்தான் பிடிபடும்.